மருத்துவமனை இல்லாத மருத்துவர்

1995 மே மாதம். ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம். ‘பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டதும் இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் ஆங்கஸ் வாலஸ், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலும்பு அறுவை சிகிச்சைப் பேராசிரியர். மற்றவர் டாம் வாங், இளம் மருத்துவர். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண் கை வலிக்கிறது என்றார். முன்கை எலும்பு முறிந்தது போலிருந்தது. சிம்பு வைத்துக் கட்டினார்கள். எலும்பு டாக்டருக்கு இது அன்றாட வேலை.

பிறகு அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு வலித்தது, மூச்சுத் திணறியது. வாலஸ் மறுபடி சோதித்தபோது விஷயம் கையோடு நிற்கவில்லை என்று புரிந்தது. விலா எலும்பும் முறிந்து நுரையீரலைக் குத்தியிருந்தது.

நம் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டித் தைக்கப்பட்டதல்ல. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரண்டு உறைகள், அவற்றுக்கு இடையே துளி ஈரம், அவ்வளவுதான். அந்த இடுக்கில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. நுரையீரலை விரித்து வைத்திருப்பது அந்தச் சிறு வித்தியாசமே. நுரையீரலில் ஓட்டை விழுந்தால் காற்று இடுக்குக்குள் கசிகிறது, நுரையீரல் சுருங்குகிறது. கிழிந்த திசு ஒரு மடல்போல் ஆடினால் நிலைமை இன்னும் மோசம். மூச்சை இழுக்கும்போது காற்று உள்ளே போகும், விடும்போது வெளியே வராது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூட்டில் காற்று கூடிக்கொண்டே போய் இதயத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் மறுபக்கம் தள்ளும். டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தக் காற்றுச் சிறைபாடு, கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடித்துவிடும்.

தரையிலேயே ஆபத்தான இது விமானத்தில் ஏன் இன்னும் ஆபத்து? விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் தரைமட்ட அளவுக்கு நிரப்புவதில்லை. அப்படிச் செய்தால் விமானத்தின் உடல் தாங்க வேண்டிய சுமை கூடும். அதனால் 8,000 அடி உயர மலையில் இருக்கும் காற்றழுத்தம்வரை குறைய விடுகிறார்கள். மீட்டரில் சொன்னால் 2,438. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள்: விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் மிகச் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைப்போல் முக்கால் பங்குதான். அழுத்தம் முக்காலானால் அடைபட்ட வாயுவின் கனஅளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். சிப்ஸ் பொட்டலம் உப்புவதும் காது அடைப்பதும் அதனால்தான். அந்தப் பெண்ணின் நெஞ்சில் சிறைபட்ட காற்றுக்கும் அதே விதிதான்.

காற்றை வெளியேற்றியாக வேண்டும். விமானத்தின் மருந்துப்பெட்டியில் கத்தி இருந்தது, மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து இருந்தது. நெஞ்சில் செருகும் குழாய் இல்லை. சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் கதீட்டர் குழாய் ஒன்று கிடைத்தது. ஆனால் அது தொளதொளவென்று வளையும், நெஞ்சுத் தசையைத் துளைத்துப் போகாது. கோட்டு மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்திக் குழாய்க்குள் நுழைத்து விறைப்பாக்கினார்கள். கம்பியைக் கிருமிநீக்கம் செய்தது விமானத்து பிராந்தி. விமானத்தின் பின்பகுதியில் அறுவை நடந்தது. விலா எலும்புகளுக்கு இடையே கீறி, குழாயைச் செருகி, கம்பியை உருவிவிட்டார்கள். குழாயின் மறுமுனை, மூடியில் ஓட்டை போட்ட ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போனது.

எனக்குப் பிடித்த பகுதி கோட்டுக் கம்பி அல்ல, அந்தத் தண்ணீர் பாட்டில். குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். நெஞ்சில் அடைபட்ட காற்று அழுத்தத்தோடு வரும்போது குமிழியாக வெளியேறிவிடும். மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று திரும்ப நுழையப் பார்த்தால் தண்ணீர் குறுக்கே நிற்கும். நகரும் பாகமில்லாத ஒருவழிக் கதவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த இந்த யோசனை இன்றும் மருத்துவமனைகளில் நெஞ்சறுவை சிகிச்சை வார்டுகளில் கட்டிலுக்குக் கீழே குமிழிவிட்டுக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்களில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீரானது. மீதிப் பயணத்தையும் முடித்து லண்டன் போய்ச் சேர்ந்தார். வாலஸ் அந்த அனுபவத்தை அதே ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்.

இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒரு குறை உண்டு. எல்லா அவசரமும் கத்தியும் கம்பியுமாகத்தான் இருக்கும் என்று நம்ப வைத்துவிடும். உண்மை நிலவரம் வேறு. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2013இல் வெளியிட்டார்கள். 604 பயணங்களுக்கு ஒன்றில் இப்படி ஏதாவது நேர்கிறது. அன்றைய பயணிகள் எண்ணிக்கையை வைத்து உலகம் முழுக்க ஆண்டுக்கு 44,000 என்று மதிப்பிட்டார்கள். வகுத்தால் 12 நிமிடத்துக்கு ஒன்று. இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் எங்கோ ஒரு விமானத்தில் பணிப்பெண் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிடுவார். எழுந்து வருபவர் பாதிக்குப் பாதி மருத்துவர், ஐந்தில் ஒரு பங்கு செவிலியர். இறந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பேர்தான்.

அடிக்கடி நடப்பது மயக்கம். நூற்றுக்கு 37 பேருக்கு அதுதான். மணிக்கணக்கில் உட்கார்ந்தபடி இருந்தால் ரத்தம் காலில் தேங்கும். விமானக் காற்று பாலைவனக் காற்றைப்போல் வறண்டது, தண்ணீர் குடிக்காதவர் உடலில் நீர் வற்றும். இரண்டு கோப்பை மதுவும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் போதாமல் தலை சுற்றும். நின்றபடி மயங்கியவர் கீழே விழுந்து படுத்த நிலைக்கு வருவார், ரத்தம் தானாகத் தலைக்குப் பாயும். இயற்கை வைத்திருக்கும் சிகிச்சை அது. இருக்கையில் பெல்ட்டோடு மயங்கியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை, நிமிர்ந்தபடியே கிடப்பார். அதனால் மருத்துவர் முதலில் செய்வது அவரைக் கீழே கிடத்திக் காலைத் தூக்குவது. 2021 நவம்பரில் டெல்லி–மும்பை விமானத்தில் ஒரு பயணிக்கு ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றியபோது, உடன் பயணித்த அன்றைய மத்திய நிதித்துறை இணையமைச்சர் பகவத் கராட், காலைத் தூக்கி வைத்துக் குளுக்கோஸ் கொடுத்தார். அவர் அரசியலுக்கு வருமுன் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்.

மூச்சு தொடர்பான தொல்லை அடுத்தது. இதிலும் அந்த மலை உயரத்துக்குப் பங்குண்டு. கடல்மட்டத்தில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தச் சிவப்பணுக்களில் நூற்றுக்கு 97, 98 பங்கு ஆக்சிஜன் நிறைந்திருக்கும். விமானத்தில் அது நாலைந்து புள்ளி இறங்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. காரணம், ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் விதம் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. மேலே நெடுந்தூரம் சமதளம், பிறகு செங்குத்துச் சரிவு. ஆரோக்கியமானவர் சமதளத்திலேயே உலாவுகிறார். நாள்பட்ட நுரையீரல் நோயாளி தரையிலேயே விளிம்பில் நிற்பவர். அதே நாலு புள்ளி அவரைச் சரிவில் உருட்டிவிடும். புதிய போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்கள் உள்ளழுத்தத்தை 6,000 அடி அளவிலேயே நிறுத்திவைக்கின்றன. அந்த 2,000 அடி வித்தியாசம் இவர்களுக்குப் பெரிய வரம்.

ஆக்சிஜன் என்றதும் தலைக்கு மேலிருந்து தொங்கும் மஞ்சள் முகமூடி நினைவுக்கு வரும். பெரும்பாலான விமானங்களில் அதற்குப் பின்னால் இருப்பது சிலிண்டர் அல்ல, ரசாயனம். இழுத்ததும் சோடியம் குளோரேட் வினைபுரிந்து சூடாகி ஆக்சிஜனைக் கக்கும். தொடங்கினால் நிறுத்த முடியாது, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நோயாளிக்குக் கொடுப்பது தனியாக வைத்திருக்கும் சிறிய சிலிண்டர்களிலிருந்து, பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்லது 4 லிட்டர். அது எத்தனை மணி நேரம் வரும், பெருங்கடலைத் தாண்டப் போதுமா என்ற கணக்கு மருத்துவரின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மருத்துவர் என்றாலே கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பும் விமானத்தில் ஏறக்குறைய அலங்காரப் பொருள்தான். எஞ்சின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் சேர்ந்து இதய ஒலியை மூழ்கடித்துவிடும். அப்படியானால் ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி? காதை விட்டுவிட்டு விரலைப் பயன்படுத்துவார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்த்தால் ஓர் அளவில் நாடி மறையும். காற்றை மெல்ல மெல்ல இறக்கினால் ‘டக்’ என்று திரும்ப வரும். அந்தக் கணம் மானியில் காட்டும் எண்தான் மேல் அளவு. கீழ் அளவு கிடைக்காது. பரவாயில்லை, அவசரத்துக்கு மேல் அளவே போதும்.

மருந்துப்பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாட்டு விமானத்துறையும் வகுத்திருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் ஆஸ்பிரின், நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஒவ்வாமைக்கும் நின்ற இதயத்துக்கும் அட்ரினலின், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சுகர் இறங்கியவருக்குக் குளுக்கோஸ் ஊசி, அரை லிட்டர் சலைன் எல்லாம் உண்டு. இவற்றோடு ஏஇடி என்ற தானியங்கி அதிர்வுக் கருவி. நெஞ்சில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியே இதயத் துடிப்பின் ஒழுங்கைத் தானே படித்து, மின்னதிர்வு தேவையா என்று முடிவு செய்து, குரலில் வழிகாட்டும் பெட்டி அது. தேவையில்லையென்றால் நாம் பொத்தானை அழுத்தினாலும் அதிர்வு தராது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1991இலேயே இதை விமானத்தில் ஏற்றியது. அமெரிக்கா 2004இல் கட்டாயமாக்கியது. இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி நெஞ்சை அழுத்த வேண்டும். விமான நடைபாதை முழங்கால் மட்டத்தில் 15 அங்குலம் இருந்தால்கூடப் போதும் என்கிறது விதி. அங்கே மண்டியிட்டு அழுத்த முடியாது. பணியாளர்கள் நோயாளியைச் சமையல் பகுதிக்கு இழுத்துக்கொண்டு போவது அதனால்தான்.

பட்டியலில் எவ்வளவு இருந்தாலும் ஏதாவது ஒன்று விடுபட்டே தீரும். 2015இல் அட்லாண்டிக் கடல் மேல் ஏர் கனடா விமானத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆஸ்துமா. குழந்தையின் மருந்து சரக்கு அறையில், பெட்டிக்குள். விமானத்தில் இருந்தது பெரியவர்களுக்கான இன்ஹேலர். அழுத்தும் நொடியில் சரியாக மூச்சை இழுக்க வேண்டும், இரண்டு வயதுக்கு அது வராது. உடனிருந்த குர்ஷித் குரு அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்பவர். ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டி, ஒரு பக்கம் ஆக்சிஜன் குழாயைச் செருகி, சிறு ஓட்டை வழியே இன்ஹேலரைப் பொருத்தி, முகத்தருகே ஒரு கோப்பையை மாட்டினார். மருந்து பாட்டிலுக்குள் புகையாக மிதக்கும், குழந்தை தன் போக்கில் மூச்சு விட்டாலே போதும். கோடிக்கணக்கில் விலையுள்ள ரோபோவை இயக்கும் கை அன்று ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தது.

பயணிகளுக்குத் தெரியாத இன்னொரு மருத்துவர் இந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார், தரையிலிருந்து. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் பணியாற்றிய ஜோன் சல்லிவன் காரெட் என்ற செவிலியர் 1985இல் அரிசோனாவில் மெட்ஏர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் இரவும் பகலும் காத்திருந்து, உலகின் எந்த மூலையில் பறக்கும் விமானத்துக்கும் ஆலோசனை சொல்கிறார்கள். விமானத்தில் எழுந்தவர் தோல் மருத்துவராக இருக்கலாம், பல் மருத்துவராகவும் இருக்கலாம். கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் அவர் வேலை. இதுபோல் ஆயிரக்கணக்கில் பார்த்த அனுபவம் தரையிலிருப்பவருடையது.

பாதியில் இறக்குவதா என்பதுதான் கடைசிக் கேள்வி. இதில் ஒரு வியப்பு: மருத்துவர் சொல்லலாம், முடிவெடுப்பவர் விமானிதான். அவர் எடையையும் பார்க்க வேண்டும். நீண்டதூரம் பறக்கும் போயிங் 777-300இஆர் விமானம் ஏறக்குறைய 351 டன்வரை எடையோடு கிளம்பலாம், ஆனால் 251 டன்னுக்கு மேல் வழக்கமாக இறங்கக்கூடாது. நடுவிலுள்ள 100 டன், எரிந்து தீர வேண்டிய எரிபொருள். கிளம்பிய உடனே இறங்க வேண்டுமானால் அதை வானிலேயே கொட்ட வேண்டும், அல்லது கூடுதல் எடையோடு இறங்கிப் பிறகு விமானத்தைச் சோதிக்க வேண்டும். ஓடுபாதையின் நீளம், வானிலை, அந்த ஊரில் இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை இருக்கிறதா என எல்லாம் பார்த்தாக வேண்டும். 11,920 அவசரங்களை அலசிய அந்த ஆய்வில் நூற்றுக்கு ஏழு விமானங்களே வழியில் இறக்கப்பட்டன. ‘இவர் லண்டன்வரை தாங்குவார்’ என்று பாட்டிலும் கம்பியும் இல்லாமல் ஒருவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மருத்துவத்தின் உச்சம் என்பேன்.

தரையிலும் இதே கதைதான். 1997 ஆகஸ்ட் 31, நள்ளிரவு தாண்டிய நேரம். பாரிஸின் அல்மா சுரங்கச் சாலையில் வந்துகொண்டிருந்த ஃபிரெடெரிக் மையே என்ற மருத்துவர், எதிரே நொறுங்கிப் புகைந்துகொண்டிருந்த காரைப் பார்த்து நிறுத்தினார். அன்று அவருக்குப் பணி இல்லை. உள்ளே நால்வர். இருவர் இறந்ததுபோல் தெரிந்தது, இருவருக்கு உயிர் இருந்தது. அவர் உடனே சிகிச்சையில் இறங்கவில்லை. தன் காருக்கு ஓடி அவசர உதவிக்குத் தகவல் சொன்னார், பிறகு கையிலிருந்த ஒரே கருவியான மூச்சுப் பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். எண்ணு, தகவல் சொல், மூச்சுப்பாதையைக் காப்பாற்று: தனியாள் மருத்துவத்தின் வரிசை இது. உயிரோடிருந்த இருவரில் ஒருவரான பெண், இளவரசி டயானா என்பது அவருக்கு மறுநாள் காலைதான் தெரியவந்தது.

பிரான்சில் ஆபத்திலிருப்பவருக்கு உதவாமல் போவது குற்றம், ஐந்தாண்டுச் சிறைவரை போகும். ஜெர்மனியிலும் குற்றம்தான். அமெரிக்காவில் பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனால் உதவப்போய்த் தவறினால் வழக்கில் சிக்காமலிருக்கக் கலிஃபோர்னியா 1959இலேயே சட்டம் போட்டது. விமானத்தில் உதவுபவருக்கு அங்கே 1998இல் தனிச்சட்டம் வந்தது. இந்தியாவில் எந்த மருத்துவரும் உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னது. சாலை விபத்தில் உதவும் எவர்மீதும் வழக்குப் பாயாதபடி 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்று நம் ஊரில் இன்னும் பயப்படுகிறார்கள். சட்டம் அந்தப் பயத்துக்கான காரணத்தை நீக்கிவிட்டது, செய்திதான் போய்ச் சேரவில்லை.

2022 ஜூலையில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் வந்த இரவு விமானத்தில் ஒரு காவல்துறை உயரதிகாரி நிலைகுலைந்தார். முன்வந்தவர் அன்றைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன். அவர் மகப்பேறு மருத்துவர். நோயாளிக்கு டெங்கு என்பது பிறகு மருத்துவமனையில்தான் தெரிந்தது. வாலஸ் எலும்பு, குரு அறுவை, தமிழிசை மகப்பேறு. யாருக்கும் தன் துறை நோய் வாய்க்கவில்லை. வேண்டியிருந்தது எம்பிபிஎஸ் வகுப்பில் கற்ற அடிப்படைதான். ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 2006 முதல் மருத்துவப் பயணிகளை முன்கூட்டியே பதிவு செய்துவைக்கிறது, எந்த இருக்கையில் டாக்டர் என்பது பணியாளர்களுக்குத் தெரியும். நம் விமான நிறுவனங்களும் இதைச் செய்யலாம், செலவு அதிகமில்லை.

பயணிகளாகிய நாமும் அவர்கள் வேலையைப் பாதியாக்க முடியும். என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மயங்கியவரால் பேச முடியாது, சீட்டால் முடியும். கண் அறுவையில் உள்ளே வாயு நிரப்பியிருந்தால் மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானம் ஏறாதீர்கள், அந்த வாயுவும் விரியும். நெஞ்சிலோ வயிற்றிலோ அண்மையில் அறுவை நடந்திருந்தாலும் கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். மாத்திரை, இன்ஹேலர், இன்சுலின் மூன்றையும் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கு அறைக்குப் போன மருந்தை 35,000 அடி உயரத்தில் எந்த டாக்டராலும் எடுத்துத் தர முடியாது.